பேசக் கூடாத படகு

தூண்டில் பையை வாங்கி உள்ளே வைக்கலாம் என்று படகுக்காரர் கையை நீட்டினார். படகேற வந்திருந்த அம்மா கொடுக்கவில்லை. தோளில் மாட்டிய கைப்பையைக் கழற்றாமல் அதற்கு மேலேயே லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் புடைத்துப்போய், படகுத்துறைப் பலகையில் நின்றுகொண்டிருந்தார். வேறு யாராவது என்றால் படகுக்காரர் சிரித்திருப்பார். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் ரிட்டயரான பேங்க் மேனேஜருக்குத்தான் என்பது ஆறு வருஷத்து வழக்கம். விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறும் வரை, ஒரு படகு, ஒரே ஆள். போன வாரம் மேனேஜரின் நம்பரிலிருந்து போன் வந்ததும், "வழக்கமான சனிக்கிழமைதானே சார்?" என்று இவராகவே கேட்டுவிட்டார். ஒரு பெண்குரல், "அவர் இறந்து இருபது நாள் ஆகுது. அந்த சனிக்கிழமைக்கு நான் வரலாமா?" என்றது. "வாங்கம்மா" என்று சொல்லி இவர் போனை வைத்தார்.

உப்பங்கழியில் மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்களில் இவருக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "அந்தாளு படகுல தும்மணும்னாகூட மனு போடணும்" என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். பேசினால் மீன் ஓடிவிடும் என்று வருகிறவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். அது முழுப்பொய். படகின் தரையில் காலால் இடித்தால்தான் மீன் மிரளும். மனிதர்களின் பேச்சை அது சட்டை செய்வதே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் வீட்டுக் கதையைக் கொண்டுவந்து இவர் தலையில் கொட்டினார்கள். மாமியார், மேலதிகாரி, மூட்டுவலி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் ஒருநாள் கண்டுபிடித்த சட்டம் அது. பிறகு அதுவே பெயர் வாங்கிக் கொடுத்தது.

அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும் வளைவில் எஞ்சினை நிறுத்தி, நங்கூரத்தைச் சத்தமில்லாமல் இறக்கினார். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது, கொடுவா மீன் வேர்ப்பக்கம் வரும் நேரம். பையைத் திறந்து மேனேஜரின் தூண்டிலை எடுத்துத் தந்தார் அந்த அம்மா. இவர் கொக்கியில் உயிர் இறாலைக் குத்தி, சிவப்புத் தக்கையை வேர்களின் ஓரமாக வீசி, தூண்டிலைப் படகின் விளிம்பில் செருகிவிட்டு, பழக்க தோஷத்தில் உதட்டின் மேல் விரலை வைத்தார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

"அவர் எங்க உக்காருவாரு?"

"நீங்க உக்காந்திருக்கிற இடம்தான்மா."

அந்த அம்மா பலகையைத் தடவிப் பார்த்தார். "உங்களை ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். மீனெல்லாம் எனக்குப் பிடிக்கத் தெரியாது. எங்களுக்கு ஒரே பொண்ணு. பத்தொன்பது வயசுல, காய்ச்சல்னு படுத்தவ எழுந்திரிக்கல. ஏழு வருஷமாச்சு. அதுக்கப்புறம் அவர் வீட்டுல அவ பேரையே எடுக்கல. நான் எடுத்தாலும் எழுந்து போயிடுவாரு. அப்புறம் இங்க வர ஆரம்பிச்சாரு. சரி, மனுஷன் வெளியில எங்கயோ பேசிக்கிறாரு, பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். கோவம்கூட வந்துச்சு. எங்கிட்டப் பேசாதது யாரோ ஒருத்தர்கிட்டப் பேசுறாரேன்னு. அவளைப் பத்தி என்ன சொன்னாரு? ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்."

மேனேஜர் வந்த முதல் நாள் படகுக்காரருக்கு நேற்று மாதிரி நினைவிருந்தது. இதே வளைவு. தக்கை விழுந்து வட்டம் அடங்குவதற்குள், "என் பொண்ணுக்குத் தண்ணின்னா ரொம்பப் பிடிக்கும்" என்று அவர் ஆரம்பித்தார். ஆகா, இன்னொருத்தர் கிளம்பிவிட்டார் என்று நினைத்து இவர் உதட்டில் விரலை வைத்தார். வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட பையனைப் போல மேனேஜர் சட்டென்று தலையாட்டினார், சிரிக்கக்கூடச் செய்தார். அவ்வளவுதான். எழுபது சனிக்கிழமைகள் வந்தார், கிளம்பும்போது நன்றி சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல வாடிக்கைக்காரர் உண்டா என்று இவரும் ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தார்.

நெறையப் பேசுவாரும்மா, பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அடுத்து என்ன பேசினார் என்று கேட்டால்? அந்தப் பெண்ணின் பெயர்கூட இவருக்குத் தெரியாது.

"ஒரே ஒரு வார்த்தை ஆரம்பிச்சாரும்மா. பொண்ணுக்குத் தண்ணின்னா பிடிக்கும்னு. நான்தான் பேசாதீங்கன்னுட்டேன். அப்புறம் அவர் பேசவே இல்ல."

அந்த அம்மா அழவில்லை. திட்டியிருந்தால்கூடப் படகுக்காரர் தாங்கிக்கொண்டிருப்பார்.

"ஆறு வருஷமும் இங்க வந்து சும்மாவா உக்காந்திருந்தாரு?"

"ஆமாம்மா."

"பேசினா மீன் ஓடிடுமா?"

படகுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஓடாதும்மா."

இறால் வாளியில் ஏதோ துள்ளி அடங்கியது. அந்த அம்மா லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டார். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்வதுபோல மெல்ல ஆரம்பித்தார்.

"தண்ணின்னா அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். நாலு வயசுல குளிக்கிற தொட்டியில ஏறி உக்காந்துக்கிட்டு, இது படகு, அப்பா ஓட்டணும்னு ஒரே அழுகை. இவரு பேங்குக்குப் போட்டுக்கிட்ட சட்டையோட, சாப்பாட்டுக் கரண்டியை எடுத்துக்கிட்டு..."

தக்கை ஒரே இழுப்பில் மறைந்தது. தூண்டில் வில்லாக வளைய, ரீல் கிறீச்சிட்டுக் கத்தியது. பெரிய மீன். அந்த அம்மா திடுக்கிட்டு, பேச்சை அப்படியே விட்டுவிட்டு, செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

படகுக்காரர் இரைக்கத்தியை எடுத்துத் தூண்டில் நரம்பை அறுத்தார்.

"கரண்டியை எடுத்துக்கிட்டு?" என்றார்.

சற்றுத் தள்ளி மேலே வந்த சிவப்புத் தக்கை, வேர்களைத் தாண்டி, முங்குவதும் எழுவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தபடியே, வாயிலிருந்து கையை எடுத்தார்.