அம்மா பாஸான மூச்சுப் பரிசோதனை

1

இந்தக் கதை ஒரு கிளிப்பிலிருந்து வந்தது. தாழ்வாரத்தில் நடக்கவிட்டு மூச்சைப் பார்க்கும் சோதனைக்காக, அம்மாவின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினார்கள். எண் வரவில்லை. வேறு விரல். அதிலும் வரவில்லை. கடைசியில் காது மடலில் மாட்டினார்கள். ஒரு மனுஷி உயிரோடு இருப்பதற்கு அவள் விரல்களிலேயே அத்தாட்சி இல்லாமல்

(நிறுத்திவிட்டேன். வாக்கியம் அழகாக வருகிறது. அம்மாவின் நோயை வைத்து அழகு பண்ண எனக்கு இஷ்டமில்லை.)

2

நோயின் பெயர் ஸ்கிளிரோடெர்மா. தோல் இறுகும் என்பார்கள். அது வெளியே தெரிவது. அதற்கு முன்பே பொடி ரத்தக்குழாய்கள் கெட ஆரம்பித்துவிடும். டாக்டர் அம்மாவின் நகத்தடித் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸ் வழியாக என்னையும் பார்க்கச் சொன்னார். அங்கே குழாய்கள் கொண்டை ஊசிகளை வரிசையாகக் குத்தியதுபோல் இருக்க வேண்டுமாம். அம்மாவுக்குச் சில ஊதியிருந்தன, சில கசிந்திருந்தன, நடுநடுவே வெறும் வெளி.

அம்மாவுக்கு, உறையவைத்த உணவைப் பெட்டியில் கட்டும் குளிர் அறையில் வேலை. குளிரில் விரல் வெளுக்கும், நீலமாகும், பிறகு சிவக்கும். கூட வேலை செய்கிறவர்கள் 'சிக்னல்' என்று பெயர் வைத்தார்கள். "சிக்னல் அக்கா, பச்சை எப்ப விழும்?"

[இவர்களைக் கொடூரமானவர்களாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அம்மாவின் பங்குப் பெட்டிகளையும் இவர்கள்தான் தூக்கினார்கள்.]

3

அடுத்து நுரையீரல். ஸ்கேனில் அடிப்பகுதியில் தழும்பு தெரிந்தது. விழுந்த தழும்பு போகாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து. "மூச்சு வாங்குச்சுன்னா உடனே ஆரம்பிச்சிடலாம். இல்லன்னா கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி நான். பரீட்சை என்றால் பாஸாக வேண்டியது. அம்மாவுக்கு அதில் வேறு அர்த்தமே கிடையாது. எனக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. அவள் ஃபெயிலானால் நான் போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தயாரானாள். முந்தின நாள் படியே ஏறவில்லை. சோதனையில், மூச்சு வாங்காமலிருக்க, தாழ்வாரத்தில் ஊர்வலம் போவதுபோல் நடந்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கலாம்மா" என்றார் கூடவே நடந்த டெக்னீஷியன்.

"என் நடையே இதுதான் தம்பி."

ஒரு காலத்தில் கிளம்பிய பஸ்ஸைத் துரத்தி ஏறியவள் சொன்ன பதில் இது. கொஞ்ச காலமாக மாடிப்படித் திருப்பத்தில் நின்று செருப்பு பக்கிளைச் சரிசெய்கிறாள். அந்தச் செருப்பில் பக்கிளே கிடையாது.

கிளிப்பில் எண் இறங்கவே இல்லை. வெளியே வந்ததும், "பாஸ்தானே?" என்றாள்.

"இது பாஸாகிற பரீட்சை இல்லம்மா."

"அப்ப ஃபெயிலாகவா வரச் சொன்னாங்க? படிச்சவ பேசுற பேச்சாடி இது?"

4

எழுதிப் பார்த்த முடிவுகள்:

நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்கிறேன். அம்மா புரிந்துகொண்டு என் கையை இறுகப் பற்றுகிறாள். (முடியாது. விரல் நுனியெல்லாம் புண்.)

நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறேன். தினமும் போனில் "நல்லா இருக்கேன்" என்கிறாள். ஒரு நாள் பேச்சின் நடுவில் அவள்

(கை ஓடவில்லை.)

5

நடந்தது இதுதான்.

"மூச்சு எப்படிம்மா?"

"ஒரு குறையும் இல்ல டாக்டர்."

"பொய் சொல்றாங்க" என்றேன். "படியில நிக்கிறாங்க. துணி காயப்போடவே உட்கார்ந்து உட்கார்ந்து போறாங்க."

டாக்டர் மருந்து எழுதினார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள். இறங்கிய பிறகு ஒரே ஒரு கேள்வி: "உன் வேலை?"

6

மருந்து கேட்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டரும் சத்தியம் பண்ணவில்லை. நாளைக்கு நான் வேலையில் சேரக் கிளம்ப வேண்டும். பையை எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்றும் அடுக்கவில்லை. அம்மா அடுத்த அறையில் இருக்கிறாள். அன்றிலிருந்து தேவைக்குத்தான் பேச்சு. வறட்டு இருமல் வருகிறது அவளுக்கு. எனக்குக் கேட்கக்கூடாதென்று துணியை வாயில் வைத்து அடக்குகிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான், கேட்காதவள் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு முடிவு எழுத என்னால் ஆகாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தியாகத் தாய் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், கெட்ட கோபம் வரும். என்னை அனுப்புங்கள், அல்லது இருக்க வையுங்கள். எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் அவளை ஒரு தடவை வாய்விட்டு இருமவிடுங்கள்.