லிஃப்டுக்குள் மேலாளர்

அம்மாவின் இதய ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் இன்சூரன்ஸ் ரத்தாகிவிட்டது. என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பிரீமியத்தை, இன்சூரன்ஸ் கம்பெனி வேறு யாருடைய பாலிசியிலோ வரவு வைத்திருந்தது. ரசீதுகளோடு அவர்கள் ஆபீசில் போய் நின்றேன். மேலாளர் கணினியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சிஸ்டத்துல நீங்க கட்டலைன்னு காட்டுது தம்பி. நான் என்ன பண்ண? கம்ப்ளெயின்ட் போட்டுட்டு வெயிட் பண்ணுங்க."

வெயிட் பண்ணினேன். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக் நான்தானா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாலையில் வீட்டுக்குக் கிளம்பியவரை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே பத்திரமாக நிறுத்திக்கொண்டது. உள்ளே விளக்கு எரிந்தது, ஃபேனும் ஓடியது. நான் கொடூரன் அல்ல.

இன்டர்காமில் அலறினார். "யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுடுச்சு!"

"உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார்," என்றேன். பிறகு, அவர்கள் கம்பெனி போனில் என்னைக் காக்கவைத்தபோது போட்ட அதே இசையை வாயாலேயே வாசித்தேன். சுருதி கொஞ்சம் விலகியது.

"யோவ், கதவைத் திறய்யா!"

"சிஸ்டத்துல லிஃப்ட் ஓடுதுன்னு காட்டுது சார். நான் என்ன பண்ண?"

"காலையில வந்த தம்பியா?"

"அதே தம்பிதான். அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்."

அவர் செல்போனில் யாரையோ விரட்டுவது கேட்டது. "டேய், அந்தப் பாலிசிய இப்பவே சரி பண்ணுடா!" சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குச் செய்தி வந்தது: இன்சூரன்ஸ் அனுமதி கிடைத்துவிட்டது.

லிஃப்டைக் கீழே இறக்கினேன். வியர்த்து வழிந்து வெளியே வந்தவரிடம் பணிவாகக் கேட்டேன். "எங்க சேவை எப்படி சார்? அஞ்சுக்கு எத்தனை மார்க்?"

ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு ஓடினார்.