பாட்டில் சார் குடிக்காத தண்ணீர்

காலையில் சமையலறைக் குழாயடியில் நின்று அவர் இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தார். இரண்டாவது நிரம்பிய பிறகுதான் நினைவு வந்தது. அதைத் தொட்டியில் கவிழ்த்தார். மனைவி இருந்த காலத்துப் பழக்கம். அவள் போனது கைக்கு இன்னும் தெரியவில்லை.

மிச்சமிருந்த ஒரு பாட்டிலோடு கிளம்பினார். பெரிய ஆடை நிறுவனம் ஒன்றில் அவர் கொள்முதல் அதிகாரி. நூலும் துணியும் பொத்தானும் தருகிற சிறு பட்டறைகளைப் போய்ப் பார்ப்பது வேலை. சப்ளையரிடம் எதையும் வாங்கக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி உண்டு. மற்றவர்களுக்கு அது பரிசுப் பொருளோடு நின்றது. இவர் அதை ஒரு வாய் தண்ணீர்வரை கொண்டுபோனார். எந்தப் பட்டறையிலும் கை நனைத்ததில்லை. உட்கார்ந்ததுகூட இல்லை. மதியம் டிரைவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு, காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மடியில் டப்பாவை வைத்துத் தனியாகச் சாப்பிடுவார்.

பட்டறைக்காரர்கள் அவருக்குப் ‘பாட்டில் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அலுவலகம்வரை பரவி அது காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. கை சுத்தமானவர் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். பேச ஆளில்லாத வீட்டுக்குத் திரும்புகிற மனிதருக்கு அந்தப் பெயர்தான் துணை.

அன்று போன இடம் ஒரு நூல் சாயப்பட்டறை. கணவனுக்குப் பிறகு அதைக் கட்டிக் காப்பாற்றி வந்தவள் ஒரு அம்மாள். வேலை செய்கிறவர்களுக்கு அவள் அக்கா. கம்பெனிக்குத் தேவையான கறுப்பு நூல் முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் முன்னால் சாயமிட்ட நூலில் ஒரு மாதிரியை அவள் அனுப்புவாள். இவர் தன் மேஜையருகே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் அழுத்தமா” என்று போனில் சொல்வார். மறுபடி வரும். மறுபடி சொல்வார். விலை மட்டும் பழைய விலையிலேயே நிற்கும். அது தன் திறமை என்பது அவர் எண்ணம்.

இந்த முறை வந்த காரணம் வேறு. மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கிற சப்ளையர் யாராக இருந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவர் பட்டறைக்குள் நின்றபடியே சுற்றிப் பார்த்தார். தரை கழுவி விடப்பட்டிருந்தது. பின்பக்கம் எதன்மேலோ தகரங்கள் மூடிக் கிடந்தன. சுவரோரப் பலகையில் வேலையாட்களின் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிற நூல். அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குள் ஒரு சின்னப் பெருமை. தன்னைப் பார்த்துத்தான் இவர்களும் கற்றுக்கொண்டார்கள் என்று நெடுநாளாக நம்பிவந்தார்.

சாயத்தொட்டியின் மூடியை யாரோ திறந்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது. இருமல் பிடித்துக்கொண்டது. பாட்டில் காரில் இருந்தது. கார் பஞ்சர் ஒட்டப் போயிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனவர், கிணற்றடிக் குழாயைத் திறந்து கையைக் குவித்தார்.

அக்கா ஓடிவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் சட்டையில் தெறித்தது.

“அதைக் குடிக்காதீங்க.”

வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் பலகையிலிருந்து சிவப்பு நூல் கட்டிய பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். விதி ஞாபகத்துக்கு வரவில்லை. இருமல் அடங்கிய பிறகு சட்டையைக் குனிந்து பார்த்தார். ஈரம் பட்ட இடத்தில் சாம்பல் நிறத் திட்டு.

“இந்தக் கிணத்துத் தண்ணிக்கு என்ன?”

அக்கா தகரத்தை இழுத்து அப்பால் போட்டாள். அடியில் ஒரு குழி. விளிம்புவரை கறுப்பு. அவருடைய முகம் அதில் தெரிந்தது.

ஒவ்வொரு தடவையும் ‘இன்னும் அழுத்தமா’ என்று போன் வரும்போது, தொட்டியில் இருக்கிற சாயத்தை அப்படியே இறக்கிவிட்டுப் புதிதாகக் காய்ச்ச வேண்டும் என்றாள். இறக்குகிற தண்ணீரைச் சுத்திகரிக்கத் தொட்டி கட்ட இந்த விலையில் வழியில்லை என்றாள். குழி ஊறி ஊறிக் கிணற்றில் கலந்துவிட்டது. பக்கத்துத் தெருவிலும் இப்போது யாரும் குழாயில் குடிப்பதில்லை.

“அப்ப இந்த பாட்டில் எல்லாம்...”

“வீட்டுல இருந்து கொண்டு வர்றாங்க சார். இங்க என்ன இருக்கு குடிக்க?”

அவர் பலகையைப் பார்க்கவில்லை.

“இத்தனை வருஷமா எங்கிட்ட ஏம்மா சொல்லலை?”

“எப்பச் சொல்றது? வருவீங்க, நின்னுக்கிட்டே பாப்பீங்க, போய்க் காருக்குள்ள உக்காந்துக்குவீங்க. ஒரு ஆளோட உக்காந்தாத்தானே பேச்சு வரும்? நீங்க நல்லவர்தான், நான் இல்லைங்கலை. ஆனா நல்லவர்கிட்டயும் பயமா இருந்துச்சு. சொன்னா நிறுத்திடுவீங்க. இப்பவும் அதுக்குத்தானே வந்திருக்கீங்க?”

சிவப்பு நூல்காரி முணுமுணுத்தாள். “உள்ளதைச் சொல்லுங்க சார், எங்களுக்கு நாளைக்கு வேலை இருக்கா இல்லையா?”

அவர் வாசலுக்கு வந்து மேலதிகாரிக்குப் போன் போட்டார். ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. நிறுத்திவிட்டு வேறு ஆளைப் பாருங்கள், நம் பெயர் கெடாமல் இருந்தால் சரி என்று பதில் வந்தது.

“நாம நிறுத்திட்டா அந்தக் குழி மூடிக்குமா சார்?” என்றார் இவர். “அதுல கிடக்கிறது அவங்க கறுப்பு இல்லை, நம்ம கறுப்பு. நான் கேட்டு வாங்கினது.”

நேரில் வந்து பேசுங்கள் என்று அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

பேசினார். பல கூட்டங்களில், பல மேஜைகளின் முன்னால். நிறத்தை ஒரே தடவையில் முடிவு செய்ய வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. ஆர்டரை வருடம் முழுக்க உறுதி சொல்ல வேண்டும். சுத்திகரிப்புத் தொட்டிச் செலவில் கம்பெனி பாதி ஏற்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். இதற்குள் அலுவலகத்தில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது, அவரும் கை நீட்டிவிட்டார் என்று. படிக்கட்டில் அவர் பின்னால் இறங்கிய இருவர் தணிந்த குரலில் சிரித்தார்கள்.

“பாட்டிலையே கவுத்துட்டாங்கப்பா.”

திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். துணையாக இருந்த பெயரும் போய்விட்டது. விசித்திரமாக, அழுகை வரவில்லை. சட்டையிலிருந்த சாம்பல் திட்டு மட்டும் நினைவில் வந்து வந்து போயிற்று.

கடைசிக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்டே விட்டார். “இவ்வளவு பரிஞ்சு பேசுறீங்களே, அந்தம்மா உங்களுக்கு என்ன குடுத்தாங்க?”

“ஒரு வாய் தண்ணி குடுத்தாங்க சார். குடிச்சேன். அதை முன்னாடியே குடிச்சிருக்கணும். லஞ்சம் வாங்காததை மட்டுமே நேர்மைன்னு நினைச்சுட்டேன். நாம வாங்குற பொருள் எங்க, யாரோட தண்ணியைக் கெடுத்து வருதுன்னு பக்கத்துல உக்காந்து கேக்கணும். கெட்டுப்போனா விட்டுட்டு ஓடாம கூட நின்னு சரி பண்ணணும். அதுதான் சார் நேர்மை.”

யாரும் கை தட்டவில்லை. ஆனால் தொட்டிக்கு அனுமதி கிடைத்தது.

தொட்டி கட்டி முடிந்து ஓடத் தொடங்கிய வாரம், காலையில் வழக்கம்போல இரண்டு பாட்டில் நிரம்பிவிட்டது. அவர் இரண்டாவதைக் கவிழ்க்கவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

பட்டறையில் குழி தூர்க்கப்பட்டிருந்தது. கிணறு தெளிய வருடங்கள் ஆகும் என்றாள் அக்கா. ஆகட்டும் என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொண்டுவந்த இரண்டாவது பாட்டிலைப் பலகையில், மற்றவற்றோடு வரிசையில் வைத்தார். யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

“நூல் கட்டலைன்னா கலந்துடும்” என்று சிவப்பு நூல்காரி எழுந்து வந்தாள். நூல் சிட்டத்திலிருந்து ஓர் இழை பிய்த்து, பாட்டிலின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“எல்லாக் கலரும் ஆளுக்கொண்ணா எடுத்துட்டோம் சார். கறுப்புதான் பாக்கி. இது போதுமா, இன்னும் கொஞ்சம் அழுத்தமா வேணுமா?”

பட்டறையே சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று.

“போதும்மா” என்றார். “இதுவே போதும்.”