அலைதடுப்புச் சுவருக்கு வெளியே

கப்பல் காலையிலேயே வந்துவிட்டது. ஆனால் துறைமுகத்துக்குள் நுழையாமல், அலைதடுப்புச் சுவருக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. தீவு தன்னைத் தானே ஆள்வதா, கடலுக்கு அப்பால் இருப்பவர்களின் கீழேயே இருப்பதா என்று நேற்று வாக்களித்திருந்தார்கள். இன்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். கப்பல் அப்பால் இருப்பவர்களுடையது. பிரிவதென்று முடிவானால் அது திரும்பிப் போய்விடும், அதுவரை சரக்கு இறங்காது என்று யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையும் இருக்கவில்லை.

அவளுடைய இன்சுலின் அந்தக் கப்பலில்தான் இருந்தது.

“கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கிட்டு வெளியவே நிக்குதும்மா” என்றார் மருந்துக்கடைக்காரர். சிரித்துவிட்டு, காலியாகக் கிடந்த குளிர்பெட்டியின் கதவை அவள் பார்க்காதபடி முதுகால் மறைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த ஒரே குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் கொஞ்சம் இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் வேலையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நெம்புகோல்களைப் பிடித்திருப்பதுபோல் இரண்டு கைகளும் முழங்கால்மேல் இறுகியிருந்தன. சுயாட்சி கேட்டு மாதக்கணக்கில் கூட்டங்களில் கத்திய தொண்டை இன்னும் கட்டியிருந்தது. ரேடியோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது.

“நான் வேணாம்னு போட்டுட்டேன்” என்றான் திடீரென்று.

“ஊரைக் கூட்டிக் கத்தினது நீங்கதானே?”

“ஓட்டுப் பெட்டி முன்னாடி நின்னப்ப உன் மொகம் வந்துச்சு. நீ இல்லாம நான் எதை ஆளப் போறேன்?”

வேறொரு நாளில் அது இனித்திருக்கும். அவள் குப்பியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பயத்துக்கு அடியிலிருந்து கோபம் மெல்ல ஊறி வந்தது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா, வேணும்னு போடச் சொல்லியிருப்ப.”

“சொல்லித்தான் இருப்பேன். என் உசுரு, நான் பயந்துக்கறேன். அதுக்குமா எனக்குப் பதிலா ஒரு ஆளு?”

நேற்று முத்திரையை ஒருமுறை கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்துத்தான் வேண்டும் என்று குத்தியதை அவள் சொல்லவில்லை.

ரேடியோவில் பேச்சு நின்று இரைச்சல் மட்டும் கேட்டது. அப்போது கப்பல் சங்கு ஊதியது. உள்ளே வரும்போதும் கிளம்பும்போதும் ஒரே சங்குதான். கணவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். கப்பலின் முகப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அவன் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அவள் கடலைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடிய கைக்குள் குப்பியின் குளிர்ச்சி போய், அது அவள் உடம்பின் சூட்டுக்கு வந்துகொண்டிருந்தது.