தலை கோமதி, வால் ஞானபூரணம்

ஞானதுரையைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? இருவரும் சங்கரன்கோவில்காரர்கள், இருவரும் நிலவியல் பேராசிரியர்கள், ஒரே வருடம் இமயமலைப் பக்கம் போய்ப் பாறை உடைத்தவர்கள். அவனுக்கு ஒரு டிரைலோபைட்டின் வால் கிடைத்தது. எனக்குத் தலை.

டிரைலோபைட் என்பது பழங்காலக் கடலில் ஊர்ந்து, கல்லாகிப்போன பூச்சி. ஓடு கழற்றும்போதே தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் போய்விடும். எந்தத் தலைக்கு எந்த வால் என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும். அவன் வாலைப் புது இனமாக அச்சேற்றி, தன் அம்மா பெயரை வைத்தான். பின்னாலேயே நான் தலையை அச்சேற்றி, என் மனைவி கோமதித்தாய் பெயரை வைத்தேன். கரிவலம்வந்தநல்லூர் வரை அவள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவன் வைத்த பெயரை மட்டும் நான் வாயால் சொன்னதில்லை. ‘அவன் வால்’ என்பேன்.

1983 ஆடித்தபசு. கோமதி அம்மனின் தவத்துக்கு இரங்கிச் சங்கரனும் நாராயணனும் ஒன்றாகும் காட்சியைப் பார்க்க ஊரே கிளம்பிக்கொண்டிருந்தபோது, ஞானதுரை ஒரு கல்லோடு வந்தான். தலையும் வாலும் சேர்ந்த முழுப் பூச்சி.

“ஏலே பரமசிவா, உன் தலையும் என் வாலும் ஒண்ணுதாம்ல.”

“என் தலை அகலம். இது ஒடுக்கம். வேற இனம்ல.”

“பாறை அமுக்குனா அகலமாகத்தான செய்யும்? வகுப்புல நீயே அதத்தான நடத்துத?”

கோமதி எட்டிப் பார்த்தாள். “கண்ணு ரெண்டும் நம்ம வீட்டுக் கல்லுல உள்ள மாதிரியேல்லா இருக்கு அண்ணாச்சி!”

என் வீட்டிலேயே எனக்கு ஆளில்லை. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சிரித்தாள். “தபசன்னைக்கே ரெண்டும் ஒண்ணாயிட்டே! கோமதி தவம் பலிச்சிட்டு.”

ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் இருந்தால், முதலில் அச்சேறியதுதான் நிற்கும். மற்றது செல்லாது. அது அவளுக்குத் தெரியாது.

ஞானதுரை சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். “நீயே சொல்லிருல” என்று முணுமுணுத்து, கல்லை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஜெயித்ததும் இல்லாமல் இரக்கம் வேறு காட்டுகிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்லில் ஒரு தட்டு போதும். தலை தனி, வால் தனி.

“அப்ப இனி எந்தப் பேருங்க நிக்கும்?” என்று கோமதி ஆசையாகக் கேட்டாள்.

‘உன் பேருதான்’ என்பது நாக்கு நுனி வரை வந்தது. கல்லுக்குள்ளிருந்து அந்த இரண்டு கண்களும் என்னையே பார்த்தன.

“ஞானபூரணம்” என்றேன்.