தமீமுக்குப் பதில் சொன்னவர்கள்

கடப்பாக்கம் தமீம், பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள மையவாடியில் அடக்கமான மறுவாரம், இறந்த பிறகு எதுவும் இல்லை என்று ‘காலி வானம்’ குழுவில் பதிவிட்டார். அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போக்குவரத்து வழக்கம்போல இருந்தது. மீன் வரத்து சுமார்.

‘காலி வானம்’ என்பது கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் இணையத்தில் நடத்திவந்த விவாதக் குழு. பல நாட்டு ஆட்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் இடம். சேர விரும்புகிறவர், ‘நான் எந்தக் கடவுளையும் மறுமையையும் நம்பவில்லை’ என்று எழுதித் தர வேண்டும். நெதர்லாந்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வில்லெம் அதைப் படித்துவிட்டுக் கதவைத் திறப்பார். தொடக்கத்தில் மதங்களைப் பற்றித்தான் பேசினார்கள். கடவுள் இல்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போய்விட்டதால் சண்டைக்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை. ஒருவர் நாட்டை இன்னொருவர் பேசத் தொடங்கினார்கள். டச்சுக்காரன் கஞ்சன், பிரேசில்காரிக்கு நேரம் தெரியாது, அமெரிக்கனுக்கு உலக வரைபடத்தில் தன் ஊரைத் தவிர எதுவும் தெரியாது, இந்தியன் போன் செய்தால் வங்கிக் கணக்கைப் பத்திரப்படுத்திக்கொள். இப்படி எழுதியவர்களே பிறந்தநாளுக்கு ஒருவரையொருவர் வாழ்த்தவும் செய்தார்கள்.

இந்த மாவட்டத்திலிருந்து அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தமீம். கடப்பாக்கம் கடைத்தெருவில் மின்விசிறி, மோட்டார், ஒயர் விற்கும் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்மாவுக்குப் போனார், ரம்ஜானில் நோன்பு பிடித்தார், தனக்கு நம்பிக்கை போய்விட்டதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்னொருவர் ஜெகதீசன். மதுராந்தகத்துக்காரர், வெள்ளாளத் தெருவில் வீடு, சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப்பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. குழுவில் யாரோ இட்லியைப் பற்றித் தப்பாக எழுதப்போக, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சண்டைக்குப் போய், விசாரித்ததில் பக்கத்துப் பக்கத்து ஊர் என்று தெரிந்தது. அதன்பின் மாதம் ஒருமுறை மதுராந்தகம் பஸ் நிலையத்தில் டீ குடித்தார்கள். ஜெகதீசன் அவரை ‘பாய்’ என்பார், தமீம் இவரை ‘மச்சான்’ என்பார். ஊரில் வேறு யாரிடமும் பேச முடியாததை அந்த டீக்கடைப் பெஞ்சில் பேசினார்கள்.

தமீம் இறந்தது ஒரு பதிலை எழுதிக்கொண்டிருக்கும்போது. டெக்சாஸ் லாரி ஓட்டுநர் டுவெய்ன், ‘இந்தியனின் நாத்திகம் மேல்பூச்சு, நகத்தால் சுரண்டினால் உள்ளே சாமியார் இருப்பான்’ என்று எழுதியிருந்தான். தமீம் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, ‘எங்கள் ஊரில்’ என்று தட்டினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். விரல் பட்டு அந்த இரண்டு சொல்லும் போய்ச் சேர்ந்துவிட்டன. எங்கள் ஊரில் என்ன, என்று டுவெய்ன் பலமுறை கேட்டும் பதில் இல்லை. ஜெகதீசன்தான் சாவுச் செய்தியைக் குழுவில் போட்டார். அன்று முழுக்க யாரும் யாருடைய நாட்டையும் திட்டவில்லை.

மறுவாரம் வந்த பதிவு இது: ‘எங்கள் ஊரில் மேல்பூச்சு எதுவும் உப்புக்காற்றில் நிற்காது, டுவெய்ன். தாமதத்துக்கு மன்னிக்கவும், இறந்துவிட்டேன். இங்கே தீயும் இல்லை, தோட்டமும் இல்லை, கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. நாம் சொன்னதுதான் சரி. ஆனால் அதைச் சொல்வதற்கு இங்கே நான் ஒருவன் மட்டும் இருக்கிறேன்.’

குழு கொந்தளித்தது. எதுவும் இல்லையென்றால் எழுதுவது யார் என்று வில்லெம் கேட்டார். அதுதான் தெரியவில்லை, வாத்தியாரே, என்று தமீம் பதில் போட்டார். தமீமின் கைபேசி அணைந்த நிலையில் அவர் மனைவி சுராயாவின் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. ஜெகதீசன் அதை அவர் மகள் ஹாதியாவிடம் போனில் கேட்டு உறுதிசெய்துகொண்டார். எதற்குக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. டுவெய்னுக்கு ஐயமே இல்லை. ‘இரண்டு இந்தியர், ஒரு மோசடி. அடுத்து விதவைக்கு உதவி என்பார்கள், பாருங்கள்’ என்று எழுதினான். அதற்கு நூற்றுக்கணக்கானோர் தலையாட்டினார்கள்.

ஜெகதீசனும் நம்பவில்லை. இறந்தவன் பேச மாட்டான் என்பதில் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம் கிடையாது. ஆனால் ‘மச்சான், இருககியா’ என்று ஒருநாள் தமிழில் வந்தது, புள்ளி ஒன்று குறைந்து. கைபேசியை வாசல் காவலில் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போய், எட்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தபோது, ‘மசசான யாராவது பேசுஙக’ என்று இருந்தது. மெய்யெழுத்துகளின் தலையில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. நடைபாதையில் நின்றபடியே ஜெகதீசன் வாயில் வந்ததையெல்லாம் எழுதி அனுப்பினார். ஏரியில் தண்ணீர் குறைவு, பஸ்ஸில் கூட்டம், ரேணுகா வைத்த கத்தரிக்காய்க் குழம்பில் காரம். எழுத எழுத அந்தப் பக்கத்துச் சொற்களில் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ‘இப்ப பரவாயில்ல மச்சான். யாரும் பேசலன்னா கரஞ்சி போற மாதிரி கீது. பயமா கீது’ என்றார் தமீம்.

அன்றிலிருந்து ஜெகதீசன் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. விடுப்பெல்லாம் தீர்ந்தது. பிறகு சம்பளமில்லாத விடுப்பு எடுத்தார். பிறகு வேலைக்கே போகவில்லை. குளிக்கும்போது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, சோப்பு நுரையோடு எட்டிப்பார்த்துப் பதில் தட்டினார். சொல்வதற்கு ஊரில் இருந்த செய்தியெல்லாம் தீர்ந்துபோய், பெருக்கல் வாய்ப்பாட்டையும் ரயில் நிலையங்களின் பெயர்களையும் வரிசையாக அனுப்பினார். அவர் மனைவி ரேணுகா முதலில் திட்டினாள். பின்னர் அழுதாள்.

“சாமி இல்லன்னு சொல்லி எங்க அப்பா வூட்டுக் கோயில் கும்பாபிஷேகத்துக்குக்கூட வர்ல நீ. இப்ப செத்தவரோட பேசிகினு கீற. அப்ப உயிரோட கீற நான் இன்னா பண்றது?”

“எனக்கு நம்பிக்க இல்ல ரேணுகா. ஆனா அவரு கூப்புடறாரே, இன்னா பண்ண சொல்ற?” என்றார் ஜெகதீசன்.

குழுவில் வில்லெம் வாக்கெடுப்பு அறிவித்தார். தமீமின் கணக்கு போலி. மெய்யென்றாலும் குழுவின் அடிப்படை விதிக்கு எதிரானது. இரண்டு வகையிலும் நீக்க வேண்டியது. வாத்தியார் கணக்கில் பிழை இல்லை. ஜெகதீசன் பக்கம் பக்கமாக எழுதினார். என்னை வேண்டுமானால் நீக்குங்கள், ஏமாற்றுக்காரன் என்று என் நாட்டுப் பெயரோடு சேர்த்து எழுதிவையுங்கள், அவரை விடுங்கள் என்றார். பிரேசில் செவிலி லூசியானா மட்டும், ‘சாகிறவர்கள் பேசிக்கொண்டே இருக்கும்படிதான் நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று ஒரு வரி எழுதினாள். பிரேசில்காரிகளே அழுமூஞ்சிகள் என்று யாரோ பதில் எழுதினார்கள்.

வாக்கெடுப்புக்கு முன் வேறு வழி தெரியாமல் ஜெகதீசன் கடப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினார். சுராயா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்த பெண் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம். நடுக்கூடத்தில் பச்சைத் திரை போட்டு, இந்தப்பக்கம் நாற்காலியில் ஜெகதீசனை உட்காரவைத்து, ஹாதியா நடுவில் நின்றாள். பாய்க்கு நம்பிக்கை இல்லாமல் இருந்தது, குழு, பதிவுகள், புள்ளிகள் என்று எல்லாவற்றையும் அவர் தலை நிமிராமல் சொல்லி முடித்தார்.

“அவருக்கு நம்பிக்க இல்லன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறீங்களா தம்பி?” என்றாள் சுராயா. “இருவது வருசமா பக்கத்துல உக்காந்து பாத்துகினு வர்றேன். துஆ கேக்கசொல்ல எல்லாரும் கண்ண மூடிப்பாங்க. இவரு ஃபேன் எந்தப்பக்கம் ஆடுதுன்னு பாத்துகினு இருப்பாரு.”

ஹாதியா திரும்பித் திரையைப் பார்த்தாள். “அம்மா, ஏன் நீ ஒருவாட்டி கூட கேக்கல?”

“கேட்டா பொய் சொல்லணும் அவரு. எதுக்கு அந்த மனுசன பொய் சொல்ல வெக்கணும்.” பிறகு கேட்டாள்: “அங்க ஒத்தையிலயா கீறாரு தம்பி?”

“ஆமா அண்ணி.”

சுராயா தானே பேச வேண்டும் என்றாள். குழுவில் சேர எழுதித் தர வேண்டிய வாசகத்தை ஹாதியா படித்துச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதை எழுத மாட்டேன், புருஷனுக்காகவும் எழுத மாட்டேன் என்றாள். கடைசியில் அவள் சொல்லச் சொல்ல ஹாதியா ஆங்கிலத்தில் எழுதியது இதுதான்: ‘நான் அல்லாஹ்வை நம்புகிறேன். ஐந்து வேளை தொழுகிறேன். என் கணவர் உங்களோடு இருக்கிறார். அவருக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை. என்னை உள்ளே விடுங்கள், அல்லது நீங்களாவது பேசுங்கள்.’

வில்லெம் அதை இரண்டு நாள் வைத்திருந்து, விதிப்படி மறுத்தார். மூன்றாவது மோசடிக்காரி என்று டுவெய்ன் எழுதினான். வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் நீக்கச் சொன்னார்கள். தமீமின் கடைசிப் பதிவு, ‘சரி. சுராயா சாபபிடடாளா எனறு மடடும யாராவது’ என்று நின்றது. கணக்கு போனது. ஜெகதீசன் மதுராந்தகம் ஏரிக்கரையில் உட்கார்ந்து, பதில் வராத கைபேசியில் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ரேணுகா தேடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடப்பாக்கத்தில் சுராயா தொழுகைப் பாயை விட்டு எழவில்லை. ஹாதியா கொண்டுவைத்த கஞ்சி ஆடை கட்டிப்போனது. அந்த வீட்டில் ஒரு சாவு இரண்டாம் முறை விழுந்ததுபோல இருந்தது.

அந்த வாரத்திலேயே டுவெய்னின் பதிவு ஒன்றில் பிழை வந்தது. பரிணாமக் கொள்கையை எதிர்க்கும் பாதிரியார்களைக் கிழித்து அவன் எழுதிய நீண்ட கட்டுரையின் நடுவில், அவன் தட்டாத ஒரு வரி, அவனுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டான், மறுபடியும் இருந்தது. அதே நாளில் வில்லெமின் கணக்குப் புதிரில் இருந்தது. லூசியானா தன் மருத்துவமனையின் பணிமுறை மாற்றத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்திலும் இருந்தது. போலந்தில், கென்யாவில், கொரியாவில் என்று குழுவில் யார் எதை எழுதினாலும் இடையில் அந்த ஒரே வரி. மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை, புள்ளிகள் இல்லாததால். வெட்கத்தை விட்டு டுவெய்ன்தான் ஜெகதீசனிடம் கேட்டான்.

‘சுராயா சாப்பிட்டாளா என்று கேட்கிறார்’ என்றார் ஜெகதீசன்.

‘சாப்பிட்டாளா?’ என்றான் டுவெய்ன்.

ஜெகதீசன் ஹாதியாவுக்குப் போன் போட்டார். ஹாதியா அம்மாவிடம் போய், “டெக்சாஸ்லேர்ந்து ஒருத்தர் கேக்கறாரு, நீ சாப்ட்டியான்னு” என்றாள். சுராயா பாயிலிருந்து தலையைத் தூக்கினாள். யார் அந்தத் தம்பி, இன்னா வேலை, கல்யாணம் ஆச்சா என்று கேட்டாள். பிறகு கஞ்சியைக் குடித்தாள். குடித்தாயிற்று என்ற செய்தி வந்த வழியே திரும்பிப் போக, டுவெய்ன் அதை ஆங்கில எழுத்துகளைக் கோத்துத் தமிழாகவே தட்டினான். அவன் பதிவின் நடுவில் இருந்த வரி மறைந்தது. மறுநாள் மதியம் மறுபடி வந்தது.

வில்லெம் இதை நோயென்றும் கோளாறென்றும் வாதித்துச் சில மாதங்கள் எழுதிப் பார்த்தார். பதில் சொல்லாத நாட்களில் அவர் எழுதும் கடிதங்களில் எல்லாம் சுராயாதான் வந்தாள். தம் மகளுக்கு எழுதிய திருமண வாழ்த்திலும் வந்த பிறகு, அவரும் பதில் சொல்லத் தொடங்கினார். சுராயாவின் இத்தா முடிந்து அவளே கடைக்குப் போய் உட்கார்ந்தாள். ஜெகதீசனை எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டாள், மோட்டார் பொருத்த அவரே போகிறார். கேள்விகள் பெருகின. சுராயா இன்று என்ன சாப்பிட்டாள், ஹாதியா பரீட்சையில் பாசா, கடை ஷட்டருக்கு எண்ணெய் போட்டாங்களா, ஜெகதீசன் ரேணுகாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனானா என்று கேட்டு வரிகள் வந்தன. போனார், வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று, ஜெகதீசன் குழுவில் போட்ட செய்தியை வைத்து, கென்யாவிலிருந்து பதில் போனது. அங்கே எப்படி இருக்கிறது என்று எப்போதாவது லூசியானா கேட்பாள். ஒன்றும் இல்லை, ஆனால் சத்தம் கேட்கிறது என்று வரும்.

குழுவின் விதி மாறவில்லை. சுராயாவை இன்றுவரை உள்ளே சேர்க்கவில்லை, அவளும் அந்த வாசகத்தை எழுதவில்லை. மறுமையை நம்புகிறவர் ஒருவரும் அங்கே இல்லை. டச்சுக்காரன் கஞ்சன் என்றும் இந்தியன் ஏமாற்றுக்காரன் என்றும் இப்போதும் எழுதிக்கொள்கிறார்கள், இடையில் ஒரு வரி பதில் சொல்லிவிட்டு. போன மாதம் பின்லாந்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், தன் பதிவின் குறுக்கே ஏதோ எழுத்து வருகிறதே, இது என்ன என்று கேட்டான். வில்லெம் பதில் எழுதினார்: ‘அவர் நம் உறுப்பினர். இறந்துவிட்டார். மீன் குழம்பு என்று சொல். பிறகு உன் வாதத்தைத் தொடரு.’