கண்டக்டர் சட்டையின் நாலாவது காஜா

திருவண்ணாமலை தனி மாவட்டமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தையல்காரர் இருசப்பனுக்கு அப்போது தலை நிறைய முடி, மனசு நிறைய வேதா. முடியெல்லாம் கொட்டிப்போன இந்நாளிலும் அந்தப் பௌர்ணமியை நினைத்தால் அவருக்குத் தையல் கோணிவிடும்.

வேதாவின் அப்பா ராமகிருஷ்ணன் செங்கம் பஸ்ஸில் கண்டக்டர். தொப்பைக்கு நேரே வரும் நாலாவது காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை, வாரம் ஒருமுறை கிழியும்.

"பௌர்ணமி டூட்டி முடியிற வரைக்கும் தாங்கற மாதிரி காஜா போடுப்பா. அப்புறம் பொண்ணு விஷயம் பேசலாம்" என்று தன்னிடம் இருந்த இரண்டே காக்கிச் சட்டைகளையும் கொடுத்தார்.

இருசப்பன் புதிதாக வாங்கிய காஜா மெஷினை நம்பினார். கையால் எடுக்கும்போது முதலில் துணியை வெட்டி, பிறகு ஓரம் தைப்பார்கள். மெஷினில் தலைகீழ், தைத்த பிறகுதான் வெட்டு. பத்து வருஷப் பழக்கத்தில் அவர் முதலில் வெட்டிவிட்டார். மெஷின் சட்டையின் முன்பக்கத்தை முழுசாக மென்று விழுங்கி, ஏப்பமும் விட்டது.

மிச்சம் ஒரே சட்டை. உள்ளே கேன்வாஸ் வைத்து, தையலுக்கடியில் முறுக்கு நூல் ஓடவிட்டு, மூன்று சுற்று அடித்தார். பௌர்ணமியன்று மதியம் ராமகிருஷ்ணன் மகளோடு வந்து போட்டுப் பார்த்தார். நாலாவது பட்டன் நுழையவில்லை.

"இன்னாப்பா, பூட்டு போட்டுட்டு சாவி குடுக்கலியா?"

முதல் சட்டை பட்ட பாட்டில், இருசப்பன் இதை வெட்டவே இல்லை. பிளேடை எடுத்தார், கை நடுங்கியது.

வேதா சட்டையைக் கழற்றச் சொல்லி, பிளேடைப் பிடுங்கினாள். தையல் அறுபடாமலிருக்கக் காஜாவின் கோடியில் ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்தினாள். ஒரே கீறல்.

"துணிய வெட்டவே இந்த நடுக்கம். தாலி கட்றப்ப இன்னா ஆவாரோ!"

"அது வெட்டறதில்லையே, கட்டறதுதானே" என்றார் இருசப்பன்.

மறுநாள் காலை ராமகிருஷ்ணன் பனியனோடு வந்தார். கையில் ஒரு சாண் காக்கித் துண்டு.

"செங்கம் ரோட்டுல கிரிவலக் கூட்டம். படிக்கட்டுக் கொக்கி காஜாவுல மாட்டிக்கிச்சு. ஜனம் என்னை இந்தாண்ட இழுக்குது, பஸ்ஸு அந்தாண்ட இழுக்குது. கடைசில பஸ்ஸுதான் ரெண்டடி பின்னால வந்துச்சு."

"சட்டை, சார்?"

"கையி, காலரு, பாக்கெட்டு, ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போய்ட்டாங்க."

துண்டை மேஜையில் வைத்தார். நாலாவது காஜா ஒரு நூல்கூடப் பிரியாமல் இருந்தது. ராமகிருஷ்ணன் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வந்துடுங்க மாப்ள. ஜாஸ்தி பேரக் கூட்டியாராதீங்க. எனக்குப் போட்டுக்க சட்டை இல்ல."